ஆடிப் பார்த்த அட்டை

கணக்கு டீச்சர் போட்ட விதி ஒன்றுதான். அட்டையில் செய்த ஆட்டத்தை வீட்டில் எல்லோரோடும் ஆடிப் பார்க்கவேண்டும். ஜெயிக்கவே வழியில்லை என்றால் விதியை மாற்றிக்கொண்டு வரவேண்டும்.

வகுப்பே ஊமைக்கொட்டான் என்று கூப்பிடும் பெண் ஒரு வீட்டை வரைந்திருந்தாள். அம்மா காயும் மகள் காயும் வாசலைத் தொடவேண்டும். அப்பா காயிடம் மாட்டினால் அடி.

"இதுல ஒருத்தரும் ஜெயிக்க முடியாதேடி! வீட்ல ஆடிப் பாரு, புரியும்" என்று டீச்சர் சிரித்தார்.

திங்கட்கிழமை அவள் உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கி மூடி வந்து நின்றாள். டீச்சர் அவளருகே ஓடினார்.

"அப்பாகிட்டயா காட்டின?"

"எல்லாரோடயும் ஆடணும்னு நீங்கதானே சொன்னீங்க டீச்சர். பாத்ததுமே பெல்ட்டக் கழட்டிட்டாரு."

சிரித்த தன் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது டீச்சருக்கு. அவள் அட்டையை நீட்டினாள். ரத்தம் காய்ந்த ஓரத்தில் புது விதி இருந்தது: அம்மாவும் மகளும் சேர்ந்து அடித்தால் அப்பா காய் வெளியே.

"இது... எழுதினது மட்டும்தானேடி?"

"ஆடியும் பாத்துட்டோம் டீச்சர். அம்மா கையில சுத்தியல், என் கையில இஸ்திரிப்பெட்டி. அப்பா இன்னும் எந்திரிக்கல."