முதலில் டிரிப்ஸ்

எக்ஸ்ரே மேசை பனிக்கட்டியாய்ச் சில்லிட்டுக் கிடந்தது. ஔரிகா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி விரித்து, குழந்தையை அதன்மேல் படுக்க வைத்தாள். பத்தொன்பது வருடமாக இந்த ஆஸ்பத்திரியில் படம் எடுப்பவள் அவள்.

பிறந்து இரண்டு நாளாகியும் பிள்ளைக்கு முதல் மலமான காட்டுப்பீ போகவில்லை. வயிறு உப்பி, வாந்தி பச்சையாக வந்தது. குடலில் எங்கோ அடைப்பு. ஆசனவாய் வழியாகச் சாய மருந்து ஏற்றிப் படம் பிடித்தால் இடம் தெரியும். ஆனால் அலமாரியில் இருந்தது பெரியவர்களுக்கான கெட்டி மருந்துதான். உடம்பின் தண்ணீரையெல்லாம் அது குடலுக்குள் உறிஞ்சிவிடும்.

"முதல்ல டிரிப்ஸ் ஏத்துங்க டாக்டர். மருந்தையும் நீர்க்கக் கலக்கணும். குடல் கிழிஞ்சா தைக்க இங்க யாரு இருக்கா? யாஷ் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்."

அறுவை மருத்துவர் ஜெர்மனிக்குப் போய் இரண்டு வருடமாகிறது. அந்த இடம் இன்னும் காலி.

"இதுக்கு நரம்பு தேடவே ஒரு மணி நேரம் ஆகும். ஒரு மணிக்கு நான் என் கிளினிக்ல இருக்கணும்," என்றார் டாக்டர் பர்வு. "நீ என்ன டாக்டருக்குப் படிச்சியா?"

"படிக்கல. பதறின காரியம் சிதறும்னு தெரியும்."

"பழமொழி வேறயா? பட்டனை அழுத்தும்மா."

ஔரிகா அழுத்தினாள்.

திரையில் சாய மருந்தின் வெள்ளைக் கோடு கொஞ்சம் ஏறி நின்றது. அவர் ஊசிக்குழலை இன்னும் பலமாக அழுத்தினார். வெள்ளை சட்டென்று குடலுக்கு வெளியே பரவியது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. உதடு சாம்பல் நிறமானது.

நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த யாஷ் நகரத்துக்குக் குழந்தையுடன் ஆம்புலன்ஸ் கிளம்பியது. தாயை ஏற்றிக்கொள்ள இடமில்லை என்றார்கள். செருப்புத் தொழிற்சாலையில் தைக்கிறவள் அவள், பெயர் ஃப்ளோரிட்சா. வயிற்றுத் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு நடைவழியில் ஓடிவந்தாள்.

"அக்கா, வெறும் படந்தானே எடுக்கிறோம்னு சொன்னாங்க! எம்புள்ளைக்கு என்ன ஆச்சு?"

"பிறவியிலயே குடல் சரியில்ல. எல்லாம் விதி," என்றார் பர்வு.

"விதியாவது மண்ணாவது!" ஔரிகாவின் குரல் நடைவழி முழுக்கக் கேட்டது. "இவர் அழுத்தினதுல குடல் கிழிஞ்சிருச்சு தாயி. நானும் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"உனக்கு வேலை வேணாமா?"

ஔரிகா ஃப்ளோரிட்சாவைத் தாங்கி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

பர்வு கோப்பிலிருந்து ஒரு சம்மதத் தாளை உருவினார். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கட்டாகக் கையெழுத்து வாங்கி வைக்கிற வெற்றுத் தாள்களில் ஒன்று. அதை ஜன்னல் திட்டில் வைத்து நிதானமாக எழுதினார்: 'குடல் கிழியும் அபாயம் தாய்க்கு விளக்கப்பட்டது.' அதற்குக் கீழே, பிரசவ வலியில் கோணி, கோட்டிலிருந்து இறங்கிப் போயிருந்தது ஃப்ளோரிட்சாவின் பெயர்.