தண்ணீர் இல்லாத வருஷத்து உழவு

2002 ஜூன் கடைசி ஞாயிறு, மாலை. உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம். நன்னிலம் சாலையில் யூனுஸின் டீக்கடை டிவி முன்னால் காலனி இளைஞர்கள் அத்தனை பேரும் அடைந்து கிடந்தார்கள். காலனி அணியின் கேப்டன் ரெத்தினம் முன்வரிசையில் இருந்தான். இந்த ஒரு நாளுக்காக நாலு வருஷம் காத்திருந்தவன்.

இடைவேளை முடிந்தும் கோல் விழவில்லை. பிரேசில்காரன் பந்தோடு பாய்ந்த நேரத்தில் ரெத்தினத்தின் காதில் வேறொரு சத்தம் விழுந்தது. டிராக்டர்.

மேட்டூர் திறக்கவில்லை, ஆற்றில் வெறும் மணல், குறுவையை ஊரே கைகழுவிவிட்டது. இதில் எவன் உழுகிறான்? சத்தம் வந்த திசையைக் கவனித்ததும் துள்ளி எழுந்தான். அந்தப் பக்கம் இருப்பது வயலில்லை. முப்பது வருஷமாகக் காலனி பந்து விளையாடும் புறம்போக்குத் திடல். பண்ணையார் சாரங்கபாணிக்கு அதன்மேல் எப்போதும் ஒரு கண். உழுது போட்டுவிட்டால் போதும். நாளைக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து, எந்த நிலத்தில் யார் பயிர்வைக்கிறார் என்று பதியும் அடங்கல் கணக்கில் பண்ணையார் சாகுபடி என்று எழுதிவிடுவார். அப்புறம் கோர்ட்டுப் படியேறியே காலனிக்கு வயதாகிவிடும். திடலில் ஈ காக்கை இல்லாத நேரம் பார்த்து ஆள் அனுப்பியிருக்கிறார், மகா யோக்கியர்!

"எந்திரிங்கடா!"

ஒருத்தனும் அசையவில்லை. ரெத்தினம் போய் டிவி பிளக்கைப் பிடுங்கினான்.

"அண்ணே, என்னண்ணே இது!"

"ஆத்துல சொட்டுத் தண்ணி இல்ல, டிராக்டர் ஓடுது. காதுல விழலையாடா?"

டிவி சத்தம் நின்றிருந்ததில் எல்லோருக்கும் கேட்டது.

ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பாதித் திடல் கட்டி கட்டியாகப் புரண்டு கிடந்தது. கோல் மூங்கில்களைப் பிடுங்கி எறிந்திருந்தார்கள். கூட்டத்தைக் கண்டதும் டிராக்டர் நழுவியது. துரத்தப் போனவர்களை, காலனிப் பெண்களோடு பின்னாலேயே ஓடிவந்திருந்த ரெத்தினத்தின் மனைவி காளியம்மாள் மறித்தாள்.

"அடிச்சா கேஸு நம்ம மேலதான் வரும். காலையில உழுத தடம் இருக்கக் கூடாது. அத பாருங்க."

பெண்கள் தடிகளோடு இறங்கிக் கட்டிகளை உடைத்தார்கள். அதன்மேல் ஆண்கள் பந்தை உதைத்து ஓடினார்கள். விளையாட்டா அது? வெறி. வெறுங்கால்கள் கிழிந்து ரத்தம் வந்தது. விளையாடுகிற மண்ணில் தொடர்ந்து விளையாடவே இத்தனை பாடா என்று ரெத்தினத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இருட்டில் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகுதான் நிறுத்தினார்கள்.

மறுநாள் காலை அலுவலர் வந்தார், சாரங்கபாணியின் பைக்கிலேயே, பின்னால் உட்கார்ந்துகொண்டு! வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே.

"உழுதிருக்கறதா சொன்னாங்களே..." என்று இழுத்தார்.

"எங்கன்னு காட்டச் சொல்லுங்க சார்," என்றான் ரெத்தினம்.

சாரங்கபாணி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். எங்கும் காலடிகள்தான். அலுவலர் பேனாவை மூடப்போனார்.

"மூடாதீங்க சார்," என்றாள் காளியம்மாள். "வந்தது வந்தீங்க. காலனி சனம் விளையாடுற எடம்னு, கண்ணால பாத்தத எழுதிட்டுப் போங்க."

அவர் எழுதி முடிக்கும்வரை ஒருவரும் வழிவிடவில்லை.