அடி விழாத இடத்தில் ஒரு வெட்டு

எர்லாங்கன் ஒலி ஆய்வுக்கூடத்தில் ரோஸ்வீத்தாவின் இரண்டு வருட உழைப்புக்கு அன்று மாலை நான்கு மணிதான் கெடு. துறைத்தலைவர் டெட்லெஃப் கையெழுத்துப் போட்டால் அவள் எழுதிய கணினி நிரல் தர நிர்ணயக் குழுவுக்குப் போகும், இல்லையென்றால் குப்பைக்கு.

ஓசையைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் சுருக்குவார்கள். நீளமான துண்டுக்குள் திடீரென்று ஓர் அடி விழுந்தால், அது விழுமுன்பே ஒரு சரசரப்பு கேட்டுத் தொலைக்கும். அடி வருவதை மோப்பம் பிடித்து, அங்கே மட்டும் பொடியாக நறுக்குவதுதான் அவளுடைய நிரலின் வேலை.

"சோதனைக்கு வச்ச கட்டைத் தாளப் பதிவுல மொத்தம் பதினேழு அடி. உன்னோடது பதினெட்டு இடத்துல நறுக்குது," என்றார் டெட்லெஃப். "பேய்க்கும் சேர்த்து நறுக்குதோ?"

"அங்க ஏதோ இருக்கு டாக்டர்."

"இருந்தா போட்டுக் காட்டு."

அவள் அந்த இடத்தை மட்டும் ஆயிரம் மடங்கு பெருக்கி ஒலிபெருக்கியில் விட்டாள். யாரோ வெடுக்கென்று மூச்சை உள்ளே இழுத்தார்கள், மைக்குக்கு வெகு அருகில்.

டெட்லெஃபின் முகம் வெளுத்தது. பதிவு செய்தவரே அவர்தான். எதிரொலியே இல்லாத அறை அது; கட்டை வாசித்தவன் மைக்கிலிருந்து மூன்று மீட்டர் தள்ளித் தனியாக நின்றான்.

"வெளிய வந்ததும் கேட்டான், உள்ள கூட நின்னது யாருன்னு. நான் சிரிச்சேன். அதுக்கப்புறம் அவன் இந்தப் பக்கமே வரல," என்றார். படிவத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார். "உன் நிரல் சரிதான்."

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. போன மாதம் பேச்சுச் சோதனைக்காக அதே அறையில் அவளும் தனியாக நின்று ஒரு பக்கம் படித்திருந்தாள். இப்போது அந்தப் பதிவை நிரலுக்குக் கொடுத்தாள். ஒரு சொல்லை அவள் இழுத்துச் சொன்ன இடத்தில், எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு வெட்டு விழுந்திருந்தது.

காதில் மாட்டிக்கொண்டு அவள் மட்டும் கேட்டாள். அவள் குரல் நிற்காமல் ஓடியது. அதற்கடியில் அதே மூச்சு உள்ளே போனது. பேசிக்கொண்டே மூச்சை உள்ளிழுக்க எந்த மனுஷராலும் முடியாது. இந்த முறை அது மைக்கின் பக்கத்திலிருந்து வரவில்லை. அவள் வாய் இருந்த இடத்திலிருந்தே வந்தது.

"என்ன கேட்டுச்சு?" என்றார் டெட்லெஃப்.

அவள் படிவத்தை அவர் கைக்கடியிலிருந்து உருவினாள்.

"நீங்க முதல்ல சொன்னதுதான் சரி டாக்டர். நிரல் தப்பு. தப்புன்னே எழுதுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."