ஓரத்தில் இருந்த கை

வெள்ளம் வந்த அன்று காலையில், சேரன்மகாதேவி ஆற்றுப் பாலத்துக்குக் கீழே இருந்த தன் வீட்டு ஓட்டுக்கூரையில் குப்புறப் படுத்துக்கொண்டு முத்துராணி தண்ணீரை நோக்கிக் கையை நீட்டிக் கத்தினாள். அவள் புருஷன் மகாராஜனைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

உடல் கிடைக்கவில்லை. முந்தின நாள் இருவருக்கும் சண்டை. கேரளாவுக்கு வேலைக்குப் போகிறேன் என்று பையோடு கிளம்பியவனைத் தெருவே பார்த்தது. விடிகாலை மழையில் அவன் திரும்பி வந்ததைப் பார்த்தவள் முத்துராணி மட்டும்தான்.

மாமியார் சுடலைவடிவு அதை நம்பவில்லை. "எம் மவன் உயிரோடதான் இருக்கான். இவ வாய்க்குப் பயந்து போயிட்டான். தாலிய அறுத்துப் போட்டுட்டு வேற ஒருத்தன் கூடப் போவ நிக்கா." போலீஸ் 'காணவில்லை' என்று எழுதியது.

அடுத்த ஆடியில் பக்கத்து வீட்டுப் பாக்கியவதி போனில் ஒரு படத்தைக் காட்டினாள். "ஏட்டி, இது நீதான?"

கூரை, திறந்த வாய், நீட்டிய கை. டெல்லியில் பரிசு வாங்கிய படமாம். எடுத்தவர் வண்ணார்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அம்மையப்பன். அன்றைக்குப் பாலத்தில் நின்று எடுத்திருக்கிறார்.

முத்துராணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் கை நீட்டிய பக்கம் வெறும் தண்ணீர்.

மறுநாளே ஸ்டுடியோவுக்குப் போனாள். அம்மையப்பன் அவளை அடையாளம் கண்டு உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"அண்ணாச்சி, இங்கன எங்க வீட்டுக்காரர் கை இருந்துச்சு. அது எங்க?"

அவர் மறைக்கவில்லை. "ஓரத்துல இருந்துச்சும்மா. பாக்கவன் கண்ணு அதுக்கே போயிருது, உன் முகத்துக்கு வரமாட்டேங்கு. அழிச்சிட்டேன்."

"அவுக செத்ததுக்கு அது ஒண்ணுதான் சாட்சி."

"சாட்சிக்கு நான் எடுக்கல. இது கலை. நடந்தத அப்படியே காட்டணும்னா கடை வாசல் கேமரா போதுமே. கை இருந்தா உன் புருஷன் ஒருத்தன் செத்த படம். இல்லாட்டி, பாக்கவங்க எல்லாரும் அவங்கவங்க பறிகொடுத்தத நினைப்பாங்க."

"முதல்ல எடுத்தது இருக்குமே?"

"அதுவும் அழிஞ்சாச்சு."

"அப்போ இன்ஸ்பெக்டர்ட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

தலையாட்டினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஸ்டேஷனுக்கும் வந்தார். ஆனால் போட்டியின் விதி அதற்குள் அவருக்கு ஞாபகம் வந்திருந்தது. படத்தில் எதையாவது அழித்தது தெரிந்தால் பரிசைத் திரும்ப வாங்கிவிடுவார்கள்.

"கை ஒண்ணு இருந்துச்சுன்னு சொல்லுதாளே, அண்ணாச்சி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்படி ஒண்ணும் இல்ல சார். போட்டோங்கது உள்ளத உள்ளபடி காட்டுறது. அதுல இருக்கதுதான் அன்னைக்கு அங்கன இருந்துச்சு."

"ஸ்டுடியோல எங்கிட்ட சொன்னியளே அண்ணாச்சி!" முத்துராணி எழுந்துவிட்டாள்.

"பாவம் சார், மனசு ஒடிஞ்சிருக்கா. திட்டாதீங்க," என்றார் அம்மையப்பன் பரிவாக.

இன்ஸ்பெக்டர் படத்தில் ஒரு பிரதியை ஃபைலில் வைத்துக்கொண்டார். இன்னொன்றைச் சுடலைவடிவு கேட்டு வாங்கிக்கொண்டாள். வீடு வீடாகப் போய்க் காட்டினாள். "நல்லாப் பாருங்க. எம் மவன் இதுல இல்ல." சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது.

அன்றிலிருந்து மகன் வருவான் என்று ஒரு ஆள் சோறு கூடுதலாக வடிக்கச் சொன்னாள். முத்துராணி வடித்தாள். அவள் நெற்றியில் குங்குமம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கிழவி அவளைச் சாப்பிட விட்டாள்.