ஏறாத கோடு

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம் என்று ஊரில் சொல்வார்கள். இந்த வீட்டில் அந்தப் பேச்சு எடுபடாது. நாத்தனார் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் உண்டு, ஆனால் தலைவலிக்கு ஒரு மாத்திரை எழுதித் தரத் தெரியாது. அதனால் சொந்தபந்தம் முழுக்க அவளை ‘ஊசி போடாத டாக்டர்’ என்றுதான் கூப்பிட்டது. அண்ணி மட்டும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அப்பேர்ப்பட்ட அண்ணியைத்தான் இப்போது பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிறவள் என்று பேசிக்கொண்டார்கள்.

பிள்ளை என்பது நான்கு வயது வாண்டு. நல்லபடியாக இருக்கும் நாளில் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிடுவாள். காய்ச்சல் கண்டு, வாந்தி எடுத்து, சாப்பாடு இறங்காமல் போனால்தான் வினை. கை கால் சில்லிட்டுப் போகும், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும், கண் சொருகிவிடும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் ரத்தத்தில் சர்க்கரை தரைதட்டிப் போயிருக்கும். ஒரு தடவை என்றால் பரவாயில்லை, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் இதே கதை. அங்கிருந்தவர்கள் அண்ணியை மேலும் கீழும் பார்த்தார்கள்.

“பச்சத்தண்ணிகூட குடிக்க மாட்டேன்னு அடம் பிடிச்சா. நான்தான் தேன் கலந்து ஸ்பூன் ஸ்பூனா புகட்டிக்கிட்டே இருந்தேன்” என்று அண்ணி அழுதாள். புகட்டியிருந்தால் சர்க்கரை எப்படி இறங்கும் என்று கேட்டார்கள். போகப் போக, கட்டியவனே அவளை நம்பாமல் போனான்.

“பொறக்கற மாசத்துலேர்ந்து கொழந்தைய தம்பி வீட்ல விடப் போறேன்” என்றான் அண்ணன், தங்கைக்குப் போன் செய்து. “இவ கையில இருந்தா ஒரு நாள்...” மீதியை மென்று விழுங்கினான்.

நாத்தனாருக்கு அந்த வீட்டைத் தெரியும். தம்பி வீடு அன்பான வீடுதான், ஆனால் சூரியன் உச்சிக்கு வந்த பிறகு பல் தேய்க்கிற வீடு. நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்காத ஒரு காலை, கூடவே கொஞ்சம் காய்ச்சல் இருந்தால் போதும், வாண்டு எழுந்திருக்கவே மாட்டாள். பிள்ளை தாயிடம் இருக்க வேண்டும் என்றால் தாயின் மேல் தப்பில்லை என்று காட்ட வேண்டும். வாய்ப்பேச்சை அண்ணன் கேட்கும் நிலையில் இல்லை.

ஒரே ஒரு நூல் மட்டும் கைக்குத் தட்டுப்பட்டது. குழந்தை டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று எடுக்கச் சொன்ன மரபணுச் சோதனையில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பக்கமும் அதே மாற்றம். “இது கெடுதலா இல்லையான்னு உலகத்துல யாரும் பார்த்தது இல்ல” என்று டாக்டர் கையை விரித்தார். “யாராவது அந்த மரபணு உண்டாக்கற என்சைம, அதான் ஒடம்புல வேலைய நடத்தற புரதத்த, செஞ்சு பார்த்தாத்தான் உண்டு. அதுவரைக்கும் இத வெச்சு நான் எதுவும் சொல்ல முடியாது.”

யாராவது என்றால் வேறு யார்? காலமெல்லாம் என்சைமோடு மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்குகிறவள் இங்கே குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறாள்.

விஷயம் இதுதான். நாம் சாப்பிடாமல் இருக்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும். கல்லீரலில் சேமித்து வைத்தது தீர்ந்த பிறகு, கல்லீரலே கிடைத்ததைக் கொண்டு புதுச் சர்க்கரை செய்யும். அந்த வேலையில் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. வாசலைத் திறக்கிறவன் அந்த என்சைம்தான், பெயர் ஃப்ரக்டோஸ் பிஸ்பாஸ்பட்டேஸ். அண்ணனுக்கு அது வாயில் நுழையவில்லை, ‘நீளப்பேர்க்காரன்’ என்றான். வாண்டின் உடம்பில் நீளப்பேர்க்காரன் வேலை செய்யவில்லை என்றால், சாப்பாடு நின்றதும் சர்க்கரையும் நின்றுவிடும். பழியும் பாவமும் தாயின் தலையில் விழும்.

அவள் இரண்டு என்சைம்களைச் செய்தாள். ஒன்று நோயில்லாத மனிதருடைய நல்ல என்சைம், மற்றது அந்த ஓர் எழுத்து மாறியது. அந்த மரபணுவை ஏற்றிய பாக்டீரியாவை வளர்த்து, உடைத்து, வடிகட்டி, ஐஸில் வைத்துக் காப்பாற்றி, ஒருவழியாக ஒளி அளக்கும் கருவியில் வைத்தாள். என்சைம் வேலை செய்தால் திரையில் கோடு மேலே ஏறும். வாண்டுடைய என்சைமுக்குக் கோடு ஏறவில்லை, தரையோடு தரையாகக் கிடந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஏறாத கோட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

அந்தச் சந்தோஷம் பேராசிரியர் வரும்வரைதான். முகத்தில் ஒன்றும் தெரியாத அம்மாள், மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் ‘ஐஸ்பெட்டி’ என்பார்கள். “நல்லதுக்குக் கோடு ஏறிச்சா?” என்று கேட்டார்.

போட்டுப் பார்த்தாள். அதுவும் ஏறவில்லை.

“ரெண்டும் படுத்திருந்தா, ரெண்டையும் நீயே கொன்னுட்டேன்னு அர்த்தம். செத்தது எதையும் நிரூபிக்காது” என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் போய்விட்டார். அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கருவியைத் திட்டினாள், மின்சாரத்தைத் திட்டினாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

இரண்டு வாரம் பைத்தியம் பிடித்தவள் போல எல்லாவற்றையும் புதிதாகச் செய்தாள். திரும்பத் திரும்ப இரண்டும் படுத்தன. மாதம் பிறக்கப் போகிறது, தம்பி வீட்டில் வாண்டுக்குக் கட்டில்கூட வாங்கிவிட்டார்கள். அன்று மதியம் மறுபடியும் கரைசல் கலக்கும்போது தன் கை தானாக ஒரு புட்டியை எடுப்பதைப் பார்த்தாள். எடுத்த கை அப்படியே நின்றது.

புட்டியில் இருந்தது இடிடிஏ என்ற ரசாயனம். என்சைம் வேலை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் அது கைப்பழக்கம். வழியில் கிடக்கும் உலோகங்களைப் பிடித்துக் கட்டிப்போட்டு, என்சைம் கெடாமல் காக்கும். நல்ல காவல்காரன்தான். ஆனால் நீளப்பேர்க்காரனுக்கு மக்னீசியம் இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது, அதுவும் உலோகம். இவள் ஒரு கையால் மக்னீசியத்தைப் போட்டு, மறு கையால் அதைக் கட்டிப்போட்டுக்கொண்டிருந்தாள். பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டதே எமனாகியிருந்தது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அது இல்லாமல் கலக்கியதும் நல்ல என்சைமின் கோடு விர்ரென்று ஏறியது. அடுத்ததைப் போடக் கை போனபோது பேராசிரியர் தடுத்தார்.

“உன் அண்ணன் பொண்ணு. உன் கண்ணுக்கு வேண்டியதுதான் தெரியும். எது எதுன்னு தெரியாம செய்.”

அவரே ஒவ்வொரு என்சைமிலும் இரண்டு குழாய் எடுத்துப் போய், பெயரை அழித்து, வெறும் வண்ணம் ஒட்டிக் கொண்டுவந்தார். சிவப்பு ஏறியது. பச்சை ஏறவில்லை. நீலம் ஏறியது. மஞ்சள் அசையவே இல்லை. பச்சையிலும் மஞ்சளிலும் இருந்தது எது என்று கேட்கவும் பயமாக இருந்தது.

பேராசிரியர் தன் சீட்டைப் பிரித்துப் பார்த்தார். “பச்சையும் மஞ்சளும் குழந்தையோடது” என்றார். பிறகு, யாரும் எதிர்பார்க்காத விதமாக, அவளை இழுத்துக் கட்டிக்கொண்டார். “உங்க அண்ணிகிட்ட போய் சொல்லு. இப்பவே போ.”

அண்ணன் வீட்டுக் கூடத்தில் அவள் நின்றபடியே சொன்னாள். “பட்டினி போட்டா எல்லா கொழந்தைக்கும் உடம்பு தானா சர்க்கரை செஞ்சுக்கும். நம்ம வாண்டுக்கு அது முடியாது. பொறந்ததுலேர்ந்தே முடியாது. அண்ணி நேரத்துக்குப் பார்த்துப் பார்த்து ஊட்டினதாலதான் இவ்வளவு நாள் ஓடியிருக்கு.” பிறகு குரலைத் தணித்தாள். “இன்னொண்ணும் இருக்கு. காய்ச்சல்ல தேனு, பழச்சாறு, வீட்டு சர்க்கரை எதுவும் இவளுக்கு ஆகாது. அதுல இருக்கற ஒரு சர்க்கரை அந்த அடைச்ச வாசல்லதான் போய் முட்டும். குளுக்கோஸ் மட்டும்தான் குடுக்கணும்.”

அண்ணியின் முகம் வெளுத்தது. “அப்ப நான்தானா...”

“தேன் வாங்கிட்டு வந்தது நான்” என்றான் அண்ணன். மனைவியின் எதிரில் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத் தம்பிக்குப் போன் செய்து, வாண்டு எங்கேயும் வரமாட்டாள் என்று சொன்னான். அண்ணிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஆனாலும் அன்று முழுக்க அவனோடு பேசவில்லை, அதுவும் நியாயம்தான்.

குழந்தை டாக்டர் முடிவுகளைப் பார்த்துவிட்டு, அவசரத்துக்குக் காட்ட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மழைக்காலத்தில் அது தேவைப்பட்டது. காய்ச்சல், வாந்தி, வாண்டின் கை சில்லிட ஆரம்பித்தது. அவசரப் பிரிவில் புதிதாக ஒரு டாக்டர், யாரிடமாவது கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். எப்போதும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும் அண்ணி வழியை மறித்தாள்.

“கேளுங்க, வேண்டாங்கல. ஆனா மொதல்ல குளுக்கோஸ ஏத்துங்க. ஏத்திட்டுப் போய்க் கேளுங்க.”

அவர் கடிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குளுக்கோஸை ஏற்றினார். நாத்தனார் சுவரோடு சாய்ந்து நின்றாள். இனி செய்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. சொட்டுச் சொட்டாக இறங்கியதை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வாண்டின் மூச்சு மெல்ல நிதானத்துக்கு வந்தது. கன்னத்தில் நிறம் ஏறியது. சொருகியிருந்த கண்கள் திறந்து, கூரையைப் பார்த்து, ஊசி குத்திய கையைப் பார்த்து முறைத்தன. பிறகு அந்த வார்டே திரும்பிப் பார்க்கும்படி, “அம்மா, பசிக்குது” என்று கத்தினாள். அண்ணி அவளை வாரி அணைத்துக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தாள்.