விண்டோஸ் தெரிந்தவர்

என் வீட்டுக்காரர் லாசரஸுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அவர் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒன்றரை வருஷமும் மனுஷன் என் கம்ப்யூட்டரில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். என் கம்ப்யூட்டர் என்று அழுத்தித்தான் சொல்கிறேன். சேலையூர் முழுக்கக் கல்யாணப் பத்திரிகையும் டியூஷன் சென்டர் கேள்வித்தாளும் அடித்து அடித்து நான் வாங்கியது.

தொண்ணூற்றாறில் எங்கள் சபைக்கு நூறாவது ஆண்டு வந்தது. எல்லாக் குடும்பங்களின் விவரத்தையும் சேர்த்து ஒரு புத்தகம் போடக் கமிட்டி தீர்மானித்து, அந்த வேலையை என்னிடம் கொடுத்தது. நல்லபடியாக முடித்தால் சபை ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை எனக்குத்தான் என்று செயலாளர் எலியேசர் சார் தன் வாயாலேயே சொன்னார். நிரந்தர வேலை. ஃபேனுக்குக் கீழே எனக்கென்று ஒரு மேஜை. அதற்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று இன்றைக்கும் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் வரை வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஐந்நூற்றுச் சொச்சம் குடும்பம். பேர், பிறந்த தேதி, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் கேட்டு எழுதி வந்து அடித்தேன். அடித்து முடித்ததும் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிடுவேன். ஒரே அறை வீட்டில் காகிதக் குப்பையை எங்கே வைப்பது? பிரிண்டையும் கடைசியில் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

வேலை முடிய இன்னும் பத்து நாள் இருக்கும்போது, லாசரஸ் பாரிமுனைக்குப் போய் ஒரு புது கேம் சிடி வாங்கி வந்தார். அது எங்கள் கம்ப்யூட்டரில் ஓட மறுத்தது.

"விண்டோஸ் 95 கேக்குது சாரா. நம்ம சிஸ்டம் அரதப் பழசு. மாத்திடலாம்."

"புக்கு பிரஸ்ஸுக்குப் போற வரைக்கும் அதுல கை வெக்காதீங்க."

"உனக்கும்தான நல்லது. ஸ்பீடா இருக்கும்."

"எனக்கு இந்த ஸ்பீடு போதும்."

நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. தமிழ் அடிக்கிற சாஃப்ட்வேரோடு ஒரு சாவி பிளாப்பி கொடுத்திருந்தார்கள். ஒரு தடவை கம்ப்யூட்டரில் ஏற்றினால் அனுமதி பிளாப்பியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் போய்விடும். கம்ப்யூட்டரை அழிப்பதற்கு முன்னால் அதைத் திரும்ப பிளாப்பிக்குள் எடுத்து வைத்தாக வேண்டும். எடுக்காமல் அழித்தால் அத்தோடு சரி, பிளாப்பி வெறும் பிளாஸ்டிக். விற்ற கடைக்காரரோ எப்போதோ கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். இதையெல்லாம் லாசரஸிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

அந்த வியாழக்கிழமை கூடுவாஞ்சேரியில் என் தங்கை ரத்தினபாய் புது வீட்டுக்குக் குடிபோகிற பிரதிஷ்டை ஜெபம். காலை எலெக்ட்ரிக் டிரெயினில் போய் நாலு மணிக்குத் திரும்பினேன். வாசலிலேயே கார் உறுமுகிற சத்தம் கேட்டது, புதுச் சத்தம். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன்.

"பயப்படாத. உன் ஃபைலெல்லாம் பிளாப்பியில எடுத்து வெச்சிட்டேன்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சாவி?"

"அதையும் சிபியு மேலேயே வெச்சு, கை வெச்சு ஜெபம் பண்ணிட்டுத்தான் ஆரம்பிச்சேன்."

எங்கள் வழக்கம் அது. புது மிக்ஸி வந்தாலும் ஜெபம் பண்ணாமல் தொட மாட்டோம். ஜெபத்தை மறக்காத மனுஷன் அனுமதியை எடுத்து வைக்க மறந்துவிட்டார். ஃபைலைத் திறந்தேன். தமிழ் இல்லை. டாலர் குறியும் கமாவும் ஆங்கில எழுத்துமாகப் பக்கம் பக்கமாகக் குப்பை.

அழுதேன். வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். அவர் மொட்டைமாடிக்குப் போய்விட்டார். அப்புறம் அந்தக் குப்பையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வரியில் விரல் தானாக அசைந்தது. அது வேதமுத்து என்ற பேர். எந்தத் தமிழ் எழுத்துக்கு எந்த ஆங்கிலக் கீயைத் தட்டுவேன் என்று என் விரலுக்குத் தெரியுமே. ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து, பார்த்துப் பார்த்துத் தமிழில் எழுதினேன். ஒன்பது நாள் வேறு வேலை பார்க்கவில்லை. ஒரு குடும்பம் விடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கமிட்டி. லாசரஸும் கூட வந்தார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. எலியேசர் சார் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கம்ப்யூட்டர்ல குடுப்பீங்கன்னு பார்த்தா கையால எழுதிட்டு வந்திருக்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "பழைய சிஸ்டம் சார், க்ராஷ் ஆயிடுச்சு. நான் உடனே 95-க்கு அப்கிரேட் பண்ணேன், அதனாலதான் ஃபைலாவது தப்பிச்சுது."

"க்ராஷ் ஆகலை சார்" என்றேன். "கேம் ஆடறதுக்காக இவர்தான் அழிச்சாரு."

கமிட்டியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். "வீட்டுச் சண்டையை வீட்டுலயே வெச்சுக்குங்கம்மா" என்றார் ஒருவர். எலியேசர் சார் லாசரஸ் பக்கம் திரும்பினார். "ஆபீஸுக்கு வாங்கியிருக்கற மிஷின்லயும் 95தான் போட்டிருக்கு. அதெல்லாம் உங்களுக்கு நல்லா வருமா?"

"நானே இன்ஸ்டால் பண்ணவன் சார்."

"அப்போ ஆபீஸ் வேலையை நீங்களே பாருங்க" என்றார் எலியேசர் சார். லாசரஸ் மறுக்கப் போகிறார், இது சாராளுக்கு உரிய வேலை என்று சொல்லப் போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சரியென்று தலையாட்டினார். மறுநாள் ஆராதனையில் அவர் பேரை வாசித்தார்கள். வெளியே வந்ததும் சபைப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க வீட்டுக்காரருக்கு வேலை கெடச்சிடுச்சே, ஸ்தோத்திரம் என்றார்கள். நானும் ஸ்தோத்திரம் என்றேன். வேறென்ன சொல்ல?

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு அவர் வீட்டுக்கு வந்தபோது கக்கத்தில் என் நோட்டு. கையில் ஆபீஸில் புதிதாக வாங்கிய தமிழ் சாஃப்ட்வேர்.

"நம்ம மிஷின்ல ஏத்திடறேன். எனக்குத் தமிழ் அடிக்க வராதுன்னு உனக்குத் தெரியுமில்ல. நீ வீட்ல அடிச்சுக் குடு, காலையில நான் எடுத்துட்டுப் போயிடறேன்."

"ஒரு எழுத்துகூட அடிக்க மாட்டேன்."

"வெளையாடாத சாரா. ஒரு வாரத்துல கேப்பாங்க. என் வேலை போயிடும்."

"அது என் வேலைங்க" என்றேன்.

அவர் சாஃப்ட்வேரை ஏற்றிவிட்டு, கீபோர்டின் முன்னால் குனிந்து ஒவ்வொரு கீயாகத் தட்டி வேதமுத்துவின் 'வே'யைத் தேட ஆரம்பித்தார். அரைமணி நேரம் தேடினார். நான் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.