இரண்டாவதாக விழுந்தவன்

“அப்பா, உந்த மாமா இப்பிடி விழுறாரே, நோகாதோ?”

விஜயா ஒருநாள் கேட்டாள். தொலைக்காட்சியில் பழைய அமெரிக்கச் சிரிப்புப் படம். தொப்பிக்காரன் ஒருவன் ஏணியோடு சுழன்று மாவுத் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தான்.

“நோகாது பிள்ளை. அது சும்மா நடிப்பு” என்று சிரித்தான் கேதீஸ்வரன்.

அது அவன் மனைவி யோகா வீட்டில் இருந்த காலம். இப்போது அவள் வயிற்றுப் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் அசையாமல் படுத்திருந்தாள். டொக்டர்கள் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. கும்பிட இன்னும் கோயிலொன்று எழும்பாத மெல்பேர்னில், கலண்டர் முருகனை நம்பிக் கந்தசஷ்டி பிடித்தான் கேதீஸ்வரன். பச்சைத் தண்ணீரும் பல்லில் படாத விரதம். அதோடு கிளேட்டனில் பிஸ்கட் தொழிற்சாலை வேலைக்கும் போனான். அந்த வேலையும் போனால் பிள்ளையோடு தெருவில்தான் நிற்கவேண்டும்.

விரதத்தின் ஆறாம் நாள், சூரன்போரன்று, தட்டுகளைத் தூக்கி வந்தவனுக்குக் கண் இருண்டது. தடாலென்று விழுந்தான். பிஸ்கட்டுகள் நாலாபக்கமும் சிதறின.

மேற்பார்வையாளர் ஓடிவந்தார். “குடிச்சிட்டு வந்திருக்கிறாயோ?”

குடித்து வந்த ஒருவனைப் போன மாதம் நின்ற நிலையிலேயே வீட்டுக்கு அனுப்பியவர் அவர். கேதீஸ்வரனின் வறண்ட நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மனசுக்குள் முருகா, முருகா என்றபடி சிதறிய பிஸ்கட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

பின்னால் ஒரு கூச்சல். மா குழைக்கும் இயந்திரத்தில் வேலைசெய்யும் கிரேக்கன் நிக்கோஸ், கைகளால் காற்றைத் துழாவி, ஒற்றைக்காலில் சறுக்கி, தட்டொன்றைத் தலையில் கவிழ்த்தபடி மல்லாக்க விழுந்தான். அசல் அந்தத் தொப்பிக்காரனேதான். எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

“பொஸ், இதென்ன தரையோ, வெண்ணெய்க் கட்டியோ?” என்று கத்தினான் நிக்கோஸ்.

மேற்பார்வையாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “ஆராவது இந்த இடத்தைத் துடையுங்கோ!” என்று திரும்பிப் போனார்.

நிக்கோஸ் எழுந்து கேதீஸ்வரனைத் தூக்கிவிட்டான். நிக்கோஸின் முழங்கை வீங்கிக்கொண்டிருந்தது.

“நோகுதோ?” என்று கேட்டான் கேதீஸ்வரன்.

“சும்மா நடிப்பு” என்று கண்ணடித்தவன், பல்லைக் கடித்துக்கொண்டு சட்டைக் கையை இழுத்து மூடினான்.

மறுநாள் விடியமுன் பாரணையோடு விரதத்தை முடித்து, விஜயாவைப் பக்கத்து வீட்டில் விட்டு, முதல் பஸ்ஸில் ஏறினான் கேதீஸ்வரன். ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் சேதி இல்லை. தொழிற்சாலைக்குள் ஈ காக்கை கிடையாது. நிக்கோஸ் தூக்கவேண்டிய மா மூட்டைகளை ஒவ்வொன்றாய்த் தோளில் சுமந்துபோய் அவன் இயந்திரத்தடியில் அடுக்கினான். தோளில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டு, வேலைமணி அடிக்கமுன் தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டான்.